வடக்குத் தெற்குக் கோடு

நம் கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டதும் எனக்கு முதலில் கண்ணில் வந்தது பாளையங்கோட்டையில் நம் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் கடைசி மேசைதான். அதன் பலகையில் ஆணியால் கீறி, சாக்பீஸ் தேய்த்த ஒரு கோடு இருக்கும். வடக்குத் தெற்குக் கோடு. 1974இல் நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு.

மின்னோட்டத்தை அளக்கும் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரை அந்தக் கோட்டில்தான் வைப்போம். 8 செ.மீ. ஆரமுள்ள வளையம், 5 சுற்றுக் கம்பி, நடுவில் சின்னக் காந்த ஊசி. மின்னோட்டம் ஊசியைக் கிழக்கு மேற்காகத் திருப்பப் பார்க்கும். பூமி அதை வடக்கிலேயே பிடித்து வைக்கும். இரண்டும் சமபலம் என்றால் ஊசி 45 டிகிரியில் நிற்கும். ஆரமும் சுற்றும் பூமியின் கிடைக் காந்தப்புலமும் (அதாவது, புலத்தில் தரைக்கு இணையான பகுதியும்) தெரிந்தால் போதும், இத்தனை ஆம்பியர் என்று சொல்லிவிடலாம். வேறொரு அம்மீட்டரை நம்ப வேண்டியதில்லை. நீளம், நிறை, நேரம் இவற்றை மட்டும் வைத்து அளக்கும் இந்தத் தனி அளவீட்டை, 1832இல் பூமியின் புலத்துக்கே செய்து காட்டியவர் ஜெர்மன் கணித மேதை காஸ். நம் ஊர்க் கிடைப்புலம் சுமார் 0.39 ஆர்ஸ்டெட் (காந்தப்புலத்தின் அலகு). அப்படியானால் 45 டிகிரிக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர்.

சரிபார்க்க காப்பர் வோல்டாமீட்டர்: மின்னோட்டம் தகட்டில் படியவைக்கும் செம்பை எடைபோட்டு மின்னோட்டத்தைக் கணக்கிடும் கருவி. உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்து, எடை பார்த்து, மயில்துத்தக் கரைசலில் அரை மணி நேரம். 1 ஆம்பியருக்கு 0.59 கிராம் செம்பு படிய வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம். இரண்டு வாரம் இதே பாடு. மூன்றாம் வாரம் அட்டெண்டர் அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, அந்த ஸ்டூல கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றார். நான் உட்கார்ந்திருந்தது இரும்புக்கால் ஸ்டூல். தள்ளியதும், என் கண் முன்னாலேயே ஊசி மூன்று டிகிரி நகர்ந்தது. அன்றைக்குச் செம்பும் ஊசியும் ஒத்துப்போயின. அந்தச் சந்தோஷத்தில் முருகன்குறிச்சி வரை நடந்தே போனேன்.

படியும் உலோகத்தை நம்புவதா, காந்த விசையை நம்புவதா என்று உலகத்துக்கும் இதே வழக்கு இருந்திருக்கிறது என்று பிறகுதான் படித்தேன். 1908இல் லண்டனில் கூடிய மாநாடு, நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைப்பதே ஓர் ஆம்பியர் என்று வைத்தது. மறுபக்கம், பூமியின் புலத்தை நம்பாமல், கம்பிச்சுருள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசையைத் தராசிலேயே நிறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்து இயற்பியலாளர்கள் ராலேயும் திருமதி சிட்ஜ்விக்கும் 1884இலேயே அதைச் செய்தார்கள். தராசுகள் துல்லியமாக ஆக ஆக, வெள்ளி ஆம்பியர் உண்மையில் 0.99985 ஆம்பியர்தான் என்று தெரிந்தது. 1948இல் விசைக் கணக்கே நிலைத்தது. 2019 முதல் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை வைத்து ஆம்பியர்.

போன வருடம் லண்டனில் என் பேத்திக்காக அதே அளவில் ஒரு வளையம் சுற்றினேன். 1 ஆம்பியருக்கு ஊசி அறுபதைத் தாண்டி நின்றது. "தாத்தா, தப்பா?" என்றாள். தப்பில்லை. இங்கே கிடைப்புலம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். திருநெல்வேலி காந்த நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அங்கே புலம் ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. அப்புறம் அவளுக்குக் நெல்லை பக்கத்துக் கிருஷ்ணாபுரத்தில் உள்ள புவிக்காந்த ஆய்வகத்தைப் பற்றியும் சொன்னேன். நெல்லைக்கு மேலே 100 கி.மீ. உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதைத் தரையிலுள்ள காந்தமானிகளால் அங்கே தொடர்ந்து பார்த்து வருகிறார்கள்.

கடைசி மேசையில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறதா? ஊருக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.