போண்டி அல்ல, பாண்டை!

சிட்னியில் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில், நேற்று கடலோரமாக 6 கிலோமீட்டர் நடந்தோம். புறப்பட்ட கடற்கரையின் பெயரைப் பலகையில் "போண்டி" என்று படித்துச் சிரித்தேன். "பாண்டை" என்று சொல்ல வேண்டுமாம். அங்கிருந்து கூஜி கடற்கரை வரை பாறை விளிம்பை ஒட்டியே பாதை. மணற்கல்லை உப்பும் காற்றும் தேன்கூடாக அரித்து வைத்திருக்கின்றன. பிரான்டே பூங்காப் புல்தரையில் புளியோதரை.

அடுத்து வேவர்லி கல்லறைத் தோட்டம். 1877இல் தொடங்கியது; எழுத்தாளர் ஹென்றி லாசன் இங்கேதான் உறங்குகிறார். வெள்ளைச் சிலுவைகள், கல் தேவதைகள், கீழே நீலக் கடல். நகர மனமே வரவில்லை. (நம் ஊர் மனைத் தரகர் பார்த்தால் சென்ட் கணக்கில் விலை பேசியிருப்பார்.)

கூஜியில் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். திரும்பியது பஸ்ஸில்தான்.