மணல் தரையில் சிப்பிப்பாறைக்கு வேலி

மண்டபம், ஏர்வாடி, தனுஷ்கோடிப் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்க்கிறவங்க வேலியோட உயரத்தை மட்டும் பார்க்காதீங்க. நம்ம மணலில் தாண்டுறதைவிடத் தோண்டிப் போறது சுலபம்.

கம்பிவலை ஆறடி உயரம் வேணும். அடியில் இன்னொரு இரண்டடி அகல வலையை உள்பக்கமாத் தரையில் படுக்கவச்சு, வேலி வலையோட அரையடிக்கு ஒரு கட்டு போட்டு, மேல அரையடி மணலை மூடுங்க. நாய் வேலியை ஒட்டியேதான் தோண்டும். வலை நகத்தில் தட்டினா பெரும்பாலும் விட்டுடும். செங்குத்தா மட்டும் புதைச்சா, மணல் சரியச் சரிய நாயும் தோண்டிக் கீழே போய்க்கிட்டே இருக்கும்.

உப்புக்காத்துல முதல்ல போறது வலை இல்ல, கட்டுக்கம்பி. சாதாரணக் கறுப்புக் கம்பி வேண்டாம், பிவிசி பூசினது வாங்குங்க. மாசம் ஒருதடவை ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பாருங்க. மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காத்து சீசன்ல வேலியோரம் மணல் குவியும். அள்ளாம விட்டா ஆறடி நாலரை அடியாகிடும், அப்புறம் ஒரே தாவுதான்.

காசு மிச்சம்னு பழைய மீன்வலையைக் கட்டுறது வேண்டவே வேண்டாம். கால் சிக்கும், கழுத்தும் சிக்கும். சுவரோரம் சங்கிலி போட்டாலும் ஆபத்து: தாண்டிக் குதிச்சு அந்தப் பக்கம் தொங்கிடும்.

விடியற்காலை கடற்கரைக்கு ஓட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனா கயிறு கையில இருக்கட்டும். கரை ஒதுங்கின பேத்தை மீனை (பந்து மாதிரி ஊதிக்கிற விஷ மீன்) கவ்வினா உயிருக்கே ஆபத்து. காய்ஞ்சு கிடந்தாலும் அந்த விஷம் போகாது.