எத்தியோப்பியக் கடவுச்சீட்டோடு மாலத்தீவு: விசா கிடைத்தது, மஞ்சள் அட்டைதான் மறித்தது

மாலத்தீவு ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கியதும் 30 நாள் விசாவைக் கட்டணமின்றித் தருகிறது. எத்தியோப்பியக் கடவுச்சீட்டுக்கு இப்படிக் கதவு திறக்கும் நாடுகள் அதிகமில்லை என்பதால் அதையே தேர்ந்தெடுத்தோம். என் மனைவியும் 2021இல் பிறந்த எங்கள் மகளும் எத்தியோப்பியக் குடிமக்கள். நான் அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் இந்தியன். திரும்பும் டிக்கெட், பணம் கட்டிய விடுதிப் பதிவு, பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவு குடிநுழைவுத் துறையின் இமூகா இணையதளத்தில் நிரப்பிய பயணி அறிவிப்பு ஆகிய அனைத்தையும் அச்சிட்டு எடுத்துச் சென்றோம்.

அடிஸ் அபாபாவின் போலே விமான நிலையத்தில், விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருந்த இளைஞர் என் கடவுச்சீட்டை ஒரு பார்வையில் ஒதுக்கிவிட்டு, மனைவியுடையதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, "விசா எங்கே?" என்றார். இறங்கிய பிறகுதான் தருவார்கள் என்று மனைவி அம்ஹாரிக்கில் எடுத்துச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அனுமதி மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழுவதால் அவர்கள் தயங்குவார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நுழைவு விதிகளைச் சரிபார்க்க அவர்களே பயன்படுத்தும் டைமேட்டிக் தகவல்தளத்தைத் திறந்துகூடப் பாராமல் மறுப்பது என்ன நியாயம்? அந்தப் பெயரைச் சொல்லி மேற்பார்வையாளரை அழைக்கச் சொன்னதும் விசா விவகாரம் முடிந்துவிட்டது. வாக்குவாதம் செய்வதைவிட இந்த ஒரு சொல் பயன்படும்.

அதே மேற்பார்வையாளர் அடுத்து மஞ்சள் அட்டைகளைக் கேட்டார். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடு என்பதால், அங்கிருந்து வருபவர்கள் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் மாலத்தீவுக்குள் நுழைய முடியாது. என்னுடையது சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போட்டது, பிரச்சினை இல்லை. மகளின் அட்டையில் இருந்த தேதி 12-05-2017. எத்தியோப்பிய நாள்காட்டிப்படி அது சரிதான். உலக வழக்கில் அது 2025 ஜனவரி 20. ஆனால் தாளில் பார்ப்பவருக்கு, பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே குழந்தைக்கு ஊசி போட்டதாகத்தான் தெரியும். "எனக்குப் புரிகிறது, மாலேயில் இருப்பவருக்குப் புரியாது" என்று மேற்பார்வையாளர் கையை விரித்தார். மனைவியின் அட்டையிலும் இதே தேதிதான். பெரியவர் என்பதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. விமானம் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று.

தடுப்பூசி நிலையத்தில் எழுத்தர், "இந்த நாட்டில் இது எந்த ஆண்டு? நான் எழுதியதில் என்ன தவறு?" என்று எங்களையே கேட்டார். பிறகு, வேண்டுமானால் மறுபடி ஊசி போட்டுப் புது அட்டை தருகிறேன் என்றார். புதிதாகப் போட்டால் சான்றிதழ் செல்லுபடியாக 10 நாள் காத்திருக்க வேண்டும். ஒருமுறை போட்டதே 2016 முதல் வாழ்நாள் முழுதும் செல்லும்போது குழந்தையை ஏன் மீண்டும் குத்த வேண்டும்? கடைசியில் பேனாவை எடுத்துப் பழைய தேதியை அடிக்கப் போனவரை மனைவி கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். அடித்தல் திருத்தல் இருந்தால் சான்றிதழே செல்லாமல் போகலாம் என்று அந்த அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. பக்கத்து அறையில் இருந்த செவிலியர் சத்தம் கேட்டு வந்து, பதிவேட்டில் மருந்தின் தொகுதி எண்ணைத் தேடியெடுத்து, தேதியை உலக வழக்குக்கு மாற்றி, மாதத்தை எழுத்தால் குறித்து, இருவருக்கும் புது அட்டை எழுதி முத்திரையிட்டுத் தந்தார்.

இரண்டாம் முறை பயணம் தடங்கலின்றி முடிந்தது. மாலேயில் மஞ்சள் அட்டைகளைப் பார்த்தார்கள். குடிநுழைவு அதிகாரி விடுதி பற்றிக்கூடக் கேட்காமல் முத்திரை குத்தினார்.

போகிறவர்கள் தடுப்பூசி நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் தேதியையும் கடவுச்சீட்டு எண்ணையும் படித்துப் பாருங்கள். விமானம் மாறினால் இமூகா அறிவிப்பையும் புதிதாக நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் போலி. திரும்பும்போதும் ஒன்று நிரப்ப வேண்டும். மாமியார் ஆசையாகத் தந்த தேஜ் என்னும் தேன் மதுவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனது நல்லதாயிற்று. மாலத்தீவுக்குள் மதுவைக் கொண்டுசெல்ல முடியாது. டிக்கெட் மாற்றியதற்கான கட்டணத்தை மட்டும் மூன்று பேருக்கும் நாங்களே கட்டினோம். எழுத்தரிடம் அதைச் சொன்னபோது அவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.