இரசாயனத் தாக்க வகைகளை நான் படித்த முறை: சாதாரண தர மாணவர்களுக்குச் சில குறிப்புகள்

இலங்கையின் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் சிலர் ஒவ்வோர் ஆண்டும் மாலை வேளைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து என்னோடு விஞ்ஞானம் படிக்கிறார்கள். சடப்பொருளின் மாற்றங்கள், இரசாயனத் தாக்க வகைகள் என்னும் பகுதிக்கு வந்ததும் அவர்களுள் பெரும்பாலானோர் ஒரே இடத்தில் தடுமாறுவதைக் காண்கிறேன். தரம் பத்தில் படிக்கும்போது நானும் அதே இடத்தில்தான் தடுமாறினேன்.

அந்த ஆண்டின் இரண்டாம் தவணைப் பரீட்சையில் ஒரு வினா வந்தது. நீல நிறச் செப்பு சல்பேற்றுப் பளிங்குகளைச் சோதனைக்குழாயில் இட்டு வெப்பமேற்றினால் அவை வெண்ணிறத் தூளாகின்றன. அத்தூளில் சில துளி நீர் விட்டால் நீல நிறம் மீள்கிறது. இது எவ்வகை மாற்றம் எனக் காரணத்துடன் எழுதும்படி கேட்டிருந்தார்கள். “பௌதிக மாற்றம் மீளக்கூடியது, இரசாயன மாற்றம் மீளாதது” என்று கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்திருந்த நான், சற்றும் ஐயமின்றிப் பௌதிக மாற்றம் என்று எழுதினேன். ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தத்தைவிட, நான் நம்பியிருந்த வரைவிலக்கணமே பிழைத்துப்போனதே என்ற திகைப்புத்தான் அதிகம்.

மீளுமா, மீளாதா என்பது கேட்கவேண்டிய கேள்வியே அன்று. புதிய பதார்த்தம் ஒன்று தோன்றியதா என்பதே கேள்வி. நீலப் பளிங்கில் ஒவ்வொரு செப்பு சல்பேற்று அலகுடனும் ஐந்து நீர் மூலக்கூறுகள் பிணைந்துள்ளன. வெப்பமேற்றும்போது அவை நீங்கி நீரற்ற செப்பு சல்பேற்று என்னும் வேறொரு பதார்த்தம் கிடைக்கிறது. ஆகவே, அது மீளக்கூடியதாக இருந்தும் இரசாயன மாற்றமே. இதற்கு நேர்மாறாக, திருவிய தேங்காயை எவராலும் மீண்டும் முழுத் தேங்காய் ஆக்க முடியாது. ஆயினும் திருவலையில் விழுவது அதே தேங்காய்தான் என்பதால் அது பௌதிக மாற்றம். இவ்விரண்டு உதாரணங்களையும் அருகருகே வைத்து யோசித்த பிள்ளை இப்பகுதியில் மறுபடி தவறுவதை நான் கண்டதில்லை. மூன்றாவதாகக் கற்பூரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். சுவாமி அறையில் திறந்தபடி வைத்த கற்பூரக் கட்டி நாளடைவில் சிறுத்துப்போவது பதங்கமாதல், அதாவது திண்மம் உருகாமல் நேரே ஆவியாவது. தட்டில் வைத்து ஏற்றியதும் அது எரிவது தகனம். பொருள் ஒன்றுதான், அதில் நிகழும் மாற்றங்கள் இரு வேறு வகையானவை.

தாக்க வகைகளுக்கு வருவோம். சேர்க்கை (பல பதார்த்தங்கள் சேர்ந்து ஒன்றாவது), பிரிகை (ஒன்று பலவாகப் பிரிவது), ஒற்றை இடப்பெயர்ச்சி (ஒரு மூலகம் சேர்வையிலுள்ள இன்னொன்றை வெளியேற்றுவது), இரட்டை இடப்பெயர்ச்சி (இரு சேர்வைகள் தம் பகுதிகளை மாற்றிக்கொள்வது) என்ற நான்கு பெயர்களையும் வரிசையாக ஒப்புவிப்பது எளிது. தெரியாத ஒரு தாக்கத்தைக் காட்டி வகை கேட்டால்தான் கை நடுங்கும். அந்த நடுக்கம் எனக்கு நீங்கியது சுண்ணாம்பினால்தான். நாம் வாழும் யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணக்கல்லின்மீது இருக்கிறது; காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததற்கும் அந்தக் கல்லே காரணம். அதன் கதையைத் தொடர்ந்து சென்றால் பாடத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.

சுண்ணக்கல் என்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பநிலையில் அது கல்சியம் ஒட்சைட்டாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகிறது: 100 கிராம் காபனேற்றிலிருந்து 56 கிராம் ஒட்சைட்டும் 44 கிராம் வாயுவும் கிடைக்கும். இது பிரிகை. பொங்கலுக்கு முன் மதிலுக்கு வெள்ளையடிப்பதற்காக அப்பப்பா அந்தச் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் பழைய தகரப் பீப்பாவில் இட்டு நீர் வார்ப்பார். சிறிது நேரம் ஒன்றும் நிகழாது; பின்னர் கட்டிகள் வெடித்துப் பிளந்து, சீறிக்கொண்டு ஆவி எழும்; பீப்பாவின் பக்கத்தைத் தொட முடியாது. சேர்க்கைத் தாக்கம், புறவெப்பத் தாக்கம் என்ற இரு சொற்களையும் நான் உண்மையில் கற்றது அந்தப் பீப்பாவின் அருகில்தான். (இதைப் பிள்ளைகள் தனியே செய்து பார்க்கக்கூடாது; தெறிக்கும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.) பூசிய வெள்ளை மதிலில் காயும்போது, நீறிய சுண்ணாம்பு வளியிலுள்ள காபனீரொட்சைட்டுடன் தாக்கமுற்று மீண்டும் கல்சியம் காபனேற்றாகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்போலாவதும் இதே தாக்கமே.

கதை அங்கே முடிவதில்லை. பால்போலான சுண்ணாம்பு நீரினுள் காபனீரொட்சைட்டைத் தொடர்ந்து செலுத்தினால் அது மறுபடி தெளிகிறது. நீரில் கரையும் கல்சியம் ஐதரசன் காபனேற்று உண்டாவதே காரணம். காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு நிலத்தினுள் இறங்கும் மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைத்து எங்கள் கிணறுகளுக்குக் கொண்டுவருவதும் இவ்வாறுதான். அந்த நீரைக் கொதிக்கவைக்கும்போது தாக்கம் மறுதிசையில் நிகழ்ந்து, கேத்திலின் அடியில் வெண்படிவு பற்றிக்கொள்கிறது. அதாவது, நாள்தோறும் தேநீருக்கு நீர் கொதிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரிகைத் தாக்கம் நடந்துகொண்டிருக்கிறது.

பனங்கள்ளையும் கருப்பநீரையும் (புளிக்காத இனிய பனஞ்சாறு) இங்கே குறிப்பிட வேண்டும். எங்கள் வளவுப் பனைகளில் சீவ வந்தவர், “முட்டிக்குச் சுண்ணாம்பு பூசாட்டி விடியக் கள்ளாப் போயிடும் தம்பி” என்று ஒருமுறை சொன்னார். சாற்றிலுள்ள வெல்லத்தை மதுவம் (ஈஸ்ட்) என்னும் நுண்ணங்கி எதனோலாகவும் (மதுசாரம்) காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவது நொதித்தல். முட்டியில் பூசிய சுண்ணாம்பு சாற்றை மூலத்தன்மையாக்கி மதுவத்தின் செயலைத் தடுக்கிறது. கள்ளின் நுரையில் இருப்பது அந்தக் காபனீரொட்சைட்டே. கருப்பநீரைக் காய்ச்சும்போது நீர் ஆவியாவது பௌதிக மாற்றம் என்பதையும் சேர்த்து எழுதிப் பழகினால், ஒரே முட்டியிலிருந்து இரண்டு விடைகள் கிடைக்கும்.

ஒற்றை இடப்பெயர்ச்சியில்தான் புள்ளிகள் அதிகம் இழக்கப்படுகின்றன. செப்பு சல்பேற்றுக் கரைசலில் துருநீக்கிய இரும்பாணியை இடும் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். “அவதானம் யாது?” என்ற வினாவுக்கு “செம்பு படிந்தது” என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். செம்பு என்பது நாம் பெறும் முடிவு; கண்ணுக்குத் தெரிவது ஆணியின்மீது செங்கபில நிறப் படிவு உண்டாவதும், கரைசலின் நீல நிறம் படிப்படியாகக் குறைந்து இளம்பச்சையாவதும்தான். அப்படிவைத் துரு என்று எழுதுபவர்களும் உண்டு. அவதானத்தையும் முடிவையும் இரண்டு நிரல்களாகப் பிரித்து எழுதும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் எங்கள் விஞ்ஞான ஆசிரியை. ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள்கள் மிகக் குறைவாக இருந்ததால் ஒரேயொரு முகவையை வகுப்பு முழுவதும் கைமாற்றிப் பார்த்தோம், ஆனால் பார்த்ததை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியே ஆகவேண்டும். அந்தப் பழக்கம் உயர்தரத்திலும் எனக்குக் கைகொடுத்தது.

இத்தாக்கம் ஏன் நிகழ்கிறது என்பதற்குத் தாக்கவீதத் தொடர் வேண்டும். பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம் (துத்தநாகம்), இரும்பு எனத் தொடங்கிச் செம்பு, இரசம் (பாதரசம்), வெள்ளி, பொன் என முடியும் வரிசையில் மேலே உள்ள உலோகம் கீழே உள்ளதை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றும். ஐதரசன் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். செம்பு அதற்குக் கீழே இருப்பதால் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் செம்புத் துண்டை இட்டால் ஐதரசன் வெளியேறாது. இதை மறந்து குமிழ்கள் எழும் என்று எழுதிய விடைகளை நான் எண்ணற்ற தடவை திருத்தியிருக்கிறேன்.

இரட்டை இடப்பெயர்ச்சிக்குப் பேரியம் குளோரைட்டும் சோடியம் சல்பேற்றும் கலந்து வெண்ணிற வீழ்படிவு தோன்றும் தாக்கம் ஒன்றே போதும். அதை அயன்களாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். எல்லாத் தாக்கங்களும் இந்த நான்கு பெட்டிகளுக்குள் அடங்கும் என்று நினைக்கவேண்டாம். மகனீசியம் எரிவது தகனமாகவும் சேர்க்கையாகவும் இருக்கிறது. மண்ணெண்ணெய் எரிவது நான்கில் எதிலும் அடங்காது.

இணையத்தில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழகக் காணொளிகள் பல மிக நன்றாக விளக்குகின்றன. ஆனால் அங்கே வேதிவினை, ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று சொல்வது நமது வினாத்தாளில் இரசாயனத் தாக்கம், ஐதரசன், ஒட்சிசன் என்று வரும். விளக்கத்தை அங்கே கேட்டாலும் குறிப்பை நமது பாடநூற் சொற்களிலேயே எழுதுங்கள். முதலாம் வினாத்தாளின் 40 வினாக்களுக்கு ஒரு மணித்தியாலமே உண்டு. சொல்லை மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் வீட்டுக் கேத்திலின் படிவைச் சுரண்டி, அதன்மேல் தேசிக்காய்ச் சாறு விட்டுப் பார்த்ததை எழுதிக்கொண்டு வந்தாள். காபனீரொட்சைட்டு என்ற சொல்லை அவள் எங்கும் எழுதவில்லை, “நிறமற்ற, மணமற்ற வாயுக் குமிழ்கள் எழுந்தன, வெண்படிவு குறைந்தது” என்று மட்டும் அவதான நிரலில் இருந்தது, முடிவு நிரல் வெறுமையாக இருந்தது. மறுநாள் வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பை நீரில் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை வடித்தெடுத்து, அந்த வாயுவை மெல்லிய குழாயொன்றின் வழியே அதனுள் செலுத்தினோம். நீர் பால்போலானது. அதன் பிறகுதான் அவள் இரண்டாவது நிரலை நிரப்பினாள்.