வேலி பக்கத்தில் இருந்தால்

அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1919-இல் ஒரே சீசனில் 29 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, நான்கு பேஸ் எனும் முனைகளையும் சுற்றி வருவது) அடித்து முறியடித்தது யாருடைய சாதனையை என்று தேடப்போய், நெட் வில்லியம்சனிடம் மாட்டிக்கொண்டேன். 1884-இல் சிகாகோ அணிக்காக 27 அடித்தவர்.

விஷயம் என்னவென்றால், அவர்களுடைய மைதானத்தில் இடப்பக்க வேலி வெறும் 180 அடி தூரம். முந்தைய வருடம் பந்து அந்த வேலியைத் தாண்டினால் இரண்டு பேஸ்தான், அதாவது டபுள். அதனால் 1883-இல் அவர் கணக்கில் 49 டபுள், இரண்டே இரண்டு ஹோம் ரன். 1884-இல் அதை ஹோம் ரன் என்று விதியை மாற்றினார்கள், மனிதர் ஒரே தாவாகத் தாவிவிட்டார்! 27-இல் 25 சொந்த மைதானத்தில் அடித்தவை. அதே அணியில் இன்னும் மூன்று பேர் இருபதைத் தாண்டினார்கள், கேட்க வேண்டுமா?

1885-இல் அணி வேறு மைதானத்துக்கு மாறியது. வில்லியம்சன் அடித்தது மூன்று.

சரி, ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். வேலியை அங்கே வைத்தது அவர் இல்லையே.