சராசரிக்குள் காணாமல் போகிறவர்கள்

பேரிடருக்குப் பிறகு எடுத்த மீள்திறன் (துன்பத்திலிருந்து மீண்டெழும் திறன்) தரவை ஆர், எஸ்பிஎஸ்எஸ் போன்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றியதும் முதல் வேலையாகச் சராசரி எடுத்து முடிவு எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

2008இல் வந்த சுருக்க மீள்திறன் அளவுகோலில் ஆறே கேள்விகள்தான். ஆனால் 2, 4, 6 மூன்றும் எதிர்மறையாகக் கேட்கப்பட்டவை, அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாகத் திருப்பாமல் (அதிகத்தைக் குறைவாகவும் குறைவை அதிகமாகவும் மாற்றாமல்) கூட்டினால் நொறுங்கிப்போனவரும் தேறியவரும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள்.

அதைவிட முக்கியம் காலம். ஒருநாள் எடுத்த மதிப்பெண் அந்த நாளைத்தான் சொல்லும். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க் வட்டாரத்தில் 2,752 பேரை வைத்து உளவியலாளர் ஜார்ஜ் பொனானோவின் குழு செய்த ஆய்வில் சுமார் 65 சதவீதம் பேருக்கு முதல் ஆறு மாதங்களில் அதிர்ச்சி அறிகுறி ஒன்றுக்கு மேல் இல்லை. மனதுக்குத் தெம்பு தரும் செய்திதான், சரி, மீதிப் பேர்? அவர்களுக்காகத்தான் ஒரே ஆளிடம் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு அளந்து, ஒரே மாதிரி மாறுகிறவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும் ஆர் மென்பொருளின் எல்சிஎம்எம் தொகுப்பை வைத்து, காலப்போக்கில் அவர்கள் போன பாதைகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்: சிலர் ஆடாமல் நிற்பார்கள், சிலர் விழுந்து மெல்ல எழுவார்கள், சிலருக்குத் துன்பம் தங்கிவிடும், சிலருக்குத் தாமதமாகத்தான் வரும்.

அப்புறம், பாதியில் விலகியவர்களைக் காலிக் கட்டம் என்று நீக்கிவிடாதீர்கள். அதிகம் வதைபட்டவர்கள் அவர்களாகவே இருக்கலாம்.