வாடையும் தென்றலும்: பாயிண்ட் பீலி நாட்குறிப்பு

மே 5
இன்றும் வாடை, வசந்தத்தில் வடக்கே வலசை போகும் பறவைகளுக்கு எதிர்காற்று. ஈரி ஏரிக்குள் தெற்கு நோக்கி நீண்டு கிடக்கும் முனையில் காலை ஆறு மணிக்கே கூட்டம் கூடிவிட்டது, பறவைகள்தான் வரவில்லை. கிடைத்தவை, ஏப்ரலிலேயே வந்துவிடும் யெல்லோ-ரம்ப்டு வார்ப்ளர்களும் (வார்ப்ளர் என்பவை பூச்சி தின்னும் சின்னஞ்சிறு பாட்டுப் பறவைகள்), வாலை ஆட்டியபடி தரையில் இரை தேடிய பாம் வார்ப்ளர்களும் மட்டுமே. கனடாப் பெருநிலத்தின் தென்கோடி இது. ஏரியைக் கடந்து வருபவற்றுக்கு முதலில் தட்டுப்படும் மரங்கள் இங்கேதான் என்பதால் இத்தனை பேர் தவம் கிடக்கிறோம்.

மே 7, இரவு
காற்று திரும்பிவிட்டது. மாலை முதல் வெதுவெதுப்பான தென்றல். வார்ப்ளர், த்ரஷ் வகைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகும். காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், வல்லூறுகளின் தொல்லை குறைவு, பகல் முழுவதையும் வயிற்றுக்கு ஒதுக்கலாம். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏரியின் தென்கரையிலுள்ள ஒஹாயோவின் ராடார் படத்தில் வட்டங்கள் விரியத் தொடங்கின. அங்கே மழை இல்லை. அத்தனையும் கிளம்பிய பறவைகள். ஆனால் வடமேற்கிலிருந்து ஒரு மழைப்பட்டையும் இறங்கி வருகிறது. இரண்டும் ஏரிக்கு மேலே சந்தித்தால், மழையில் சிக்கிய பறவைகள் களைத்துப்போய் இந்த முனையிலேயே இறங்கும். நமக்குக் கொண்டாட்டம், அவற்றுக்குத் திண்டாட்டம்.

மே 8
சந்தித்துவிட்டன. விடியும்போது தூறல், ஆறு டிகிரி குளிர். டில்டன் காட்டுப்பாதையில் கால் வைக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. மக்னோலியா, பே-பிரெஸ்டட், கேப் மே, ரெட்ஸ்டார்ட் என வார்ப்ளர் வகைகள் எல்லாம் முழங்கால் உயரத்தில். குளிரில் பூச்சிகள் தாழ்ந்துவிட்டதால் பறவைகளும் தாழ இறங்கியிருந்தன.

விழுந்து கிடந்த மரமொன்றில் ஆண் பிளாக்பர்னியன் வார்ப்ளர். மற்ற நாட்களில் உச்சிக்கிளையில் நின்று கழுத்தை ஒடிக்கும் பறவை, இன்று கைக்கெட்டும் தூரத்தில். தொண்டை கங்குபோல் சிவந்திருந்தது. நனைந்த மார்பு இறகுகள் பிரிபிரியாக ஒட்டிக்கொண்டு, அடியில் இருந்த சாம்பல் நிறத் தூவியைக் காட்டின. பட்டையின் வெடிப்பில் அலகை நுழைத்து ஒரு கொசுவை இழுத்து விழுங்கியது, கண்ணைப் பாதி மூடியது, மறுபடியும் வெடிப்பு. ஏறக்குறைய பத்து கிராம் உடல் அது. பைனாகுலர் தேவைப்படவே இல்லை.

அருகில் ஒருவர் அதன் பாட்டுப் பதிவைக் கைபேசியில் ஒலிக்கவிட்டார். நிறுத்தச் சொன்னேன். பட்டினியோடு இறங்கியதை இல்லாத எதிரியோடு சண்டைக்கு இழுப்பானேன்? முறைத்துவிட்டு நிறுத்தினார்.

மதியம் முனையின் மேற்குக் கரையில் நடந்தேன். ஸ்கார்லெட் டானேஜர் ஒன்று மணலில் தத்திக்கொண்டிருந்தது. இலைக்கூட்டத்துக்குள் தேட வேண்டிய பறவை. அதற்குச் சற்றுத் தள்ளி, அலை ஒதுக்கிய பாசிக்குள் இறந்த மக்னோலியா ஒன்று. படம் எடுக்க மனம் வரவில்லை.

மே 9
வெயில். முனையில் இன்னொரு வேடிக்கை: ஓரியோல்களும் இண்டிகோ பண்டிங்குகளும் கூட்டம் கூட்டமாக வந்து, தண்ணீருக்கு மேல் தெற்கு நோக்கியே பறந்தன. வந்த வழியே திரும்பும் இந்தக் காலைப் பறப்புக்கும் பீலி பேர்போனது. புதிதாக வந்தவர்கள் திசைகாட்டியை எடுத்துச் சரிபார்த்தார்கள்.

மே 13
வாடை. தூங்கினேன்.

மே 15
கிர்ட்லாண்ட்ஸ் வார்ப்ளர் வந்திருக்கிறது என்று செய்தி பரவியதும் பாதை நெரிந்தது. பஹாமாஸில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, பெரும்பாலும் மிச்சிகனின் இளம் ஜாக் பைன் காடுகளில் கூடு கட்டும் பறவை. 1987 கணக்கெடுப்பில் பாடும் ஆண்கள் 167 மட்டுமே. காட்டைப் பராமரித்து மீட்டெடுத்ததால் 2019-இல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து விடுபட்டது. இத்தனை விவரமும் தெரிந்த எனக்குக் கிடைத்தது முன்னால் நின்றவர்களின் முதுகுகள். ஒரு மணி நேரம் நின்றேன். பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்.

மே 22
இலைகள் அடர்ந்துவிட்டன, இனி கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. ஆண்கள் முன்னே போய்விட்டதால் மங்கிய நிறப் பெண் பறவைகளே அதிகம். பிளாக்போல் வார்ப்ளர்கள் வந்துவிட்டன. அவை வந்தால் பருவம் முடிகிறது என்று பொருள். பாட்டு ஊசிமுனை அளவுக்கு மெல்லியது, வயதானால் முதலில் காதைவிட்டுப் போவது இந்த ஸ்தாயிதான். இலையுதிர் காலத்தில் இதே பறவை வடகிழக்குக் கரையிலிருந்து கரீபியத் தீவுகள் வரை ஏறக்குறைய 2,500 கிலோமீட்டரை, அட்லாண்டிக் கடலுக்கு மேல், இரண்டு மூன்று நாட்கள் இறங்காமலே பறந்து கடப்பதை 2015-இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. முதுகில் கட்டிய அரை கிராம் கருவி சொன்ன கதை. வசந்தத்தில் வழி வேறு. பெரும்பாலும் நிலத்துக்கு மேலாக, இறங்கி இறங்கி வருகிறது.

சதுப்புப் பலகைப் பாதையோரம் எம்பிடோனாக்ஸ் ஈப்பிடிப்பான் ஒன்று, அசையாமல். இதில் வில்லோ, ஆல்டர் என்று இரண்டு இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும், எது என்று உருவத்தை வைத்துச் சொல்வது நடவாத காரியம். குரல் கொடுத்தால்தான் உண்டு. இருபது நிமிடம் எதிரெதிரே இருந்தோம். அது வாய் திறக்கவில்லை. குறிப்பேட்டில் இனப்பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு வந்தேன்.